டியூரண்ட் தெருவின் மேட்டில் ஒரு வீடு

"பெரியம்மா, நான் முன்பணம் கட்டிட்டேன். அம்மாகிட்ட இப்பவே சொல்லிடாதீங்க."

என் தங்கை மகள் இதைச் சொன்னபோது நாங்கள் பெர்க்லி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கையில் ஒரு பையும், கிள்ளானிலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னும் வைத்திருந்தேன். அந்த முறுக்கு டின்னோடு தங்கை எனக்கு ஒரு வேலையும் கொடுத்தனுப்பியிருந்தாள். "அக்கா, நீ போய் அந்த வீட்டைக் கண்ணால பார்த்துட்டு வா. நல்ல இடம்னு நீ சொன்னா விடுறேன். இல்லன்னா வேணாம்."

'அந்த வீடு' என்று அவள் சொன்னது சொரோரிட்டி வீடு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவியர் சங்கம் அமைத்து, சங்கத்துக்கென்று சொந்தமாக வீடு வைத்து, சேர்ந்து வாழும் ஏற்பாடு. சங்கத்தின் பெயர் இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துகள். ஆங்கிலப் படங்களில் இந்த வீடுகளைப் பார்த்த என் தங்கைக்கு அங்கே குடியும் கூத்தும்தான் நடக்கும் என்று நினைப்பு. நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். 32 ஆண்டு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் பிள்ளைகள் விஷயத்தில் என் தீர்ப்பு சரியாக இருக்கும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முன்பணம் கட்டியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்ல என்ன இருக்கிறது? கோபம் வந்தது. நடந்தால் தணியும் என்று, "சரி, நடந்தே போவோம்" என்றேன்.

பெர்க்லியில் கிழக்கே போவது என்றால் மேடேறுவது. டியூரண்ட் தெரு நகர மையத்தில் சமதளமாகத் தொடங்கி, போகப் போக மலையை நோக்கி ஏறுகிறது. ஆகஸ்ட் மாதக் காலையில் கடல் பக்கத்திலிருந்து வந்த மூடுபனி இன்னும் கலையவில்லை. கேமரன் மலைக்குப் போகும்போது பாதி வழியில் ஒரு குளிர் வருமே, அது.

தெருவின் கீழ்ப்பகுதியிலேயே ஒரு கட்டடம் என்னை நிறுத்திவிட்டது. சிறிய கோட்டை போன்ற உருவம், வளைவு வளைவான சாளரங்கள். பெர்க்லி சிட்டி கிளப் என்று பலகை. 1930ல் பெண்கள் சங்கம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டது. இன்று தங்கும் விடுதியாகவும் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன், முகப்பில் இருந்தவர் தாராளமாகக் கையைக் காட்டினார். கீழ்த்தளத்து நீச்சல் குளத்தின் மேல் கோயில் மண்டபம் போல வளைந்த கூரை. மிக அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, கல் என்று நினைத்ததெல்லாம் கான்கிரீட். "இதைக் கட்டினது ஒரு பொம்பளை, பெரியம்மா. நான் சேரப்போற வீடு இல்ல, ஆனா இதே தெருவில மேல ஒரு சொரோரிட்டி வீடும் அவங்க கட்டினதுதான்" என்றாள் மகள்.

அந்தப் பெண்மணி ஜூலியா மோர்கன். 1872ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, பக்கத்து ஊரான ஓக்லண்டில் வளர்ந்து, இதே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1894ல் கட்டுமானப் பொறியியல் பட்டம் வாங்கியவர். கட்டடக்கலை படிக்கப் பாரிஸ் போனார். அங்கிருந்த புகழ்பெற்ற கலைப்பள்ளியில் அதுவரை கட்டடக்கலைக்குப் பெண்ணைச் சேர்த்ததே இல்லை. நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை, 1898ல், உள்ளே நுழைந்தார். 1904ல் கலிபோர்னியாவில் கட்டடக்கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண். வாழ்நாளில் 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தன் தங்கப் பதக்கத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது 2014ல், அது இவருக்குத்தான். ஆனால் அவர் 1957லேயே காலமாகிவிட்டார். பதக்கம் வந்து சேர 57 ஆண்டு தாமதம்.

மோர்கன் மாணவியாக இருந்தபோது கேப்பா ஆல்பா தீட்டா என்ற சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கம் 1870ல் இண்டியானா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் பிறந்தது. அப்போது இந்தச் சங்கங்களுக்குச் சொரோரிட்டி என்ற பெயர் கிடையாது. பெண்களும் தங்களை 'ஃபிரட்டர்னிட்டி' என்றே சொல்லிக்கொண்டார்கள், அதாவது சகோதரர் சங்கம்! 1882ல் நியூயார்க் மாநிலத்தின் சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, லத்தீனில் சகோதரி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த சொரோரிட்டி என்ற பெயரைக் கொடுத்தார். ஆசிரியர் தொழிலின் மீது எனக்கிருக்கும் பெருமையில் இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்.

டெலிகிராஃப் சாலையைக் கடந்தோம். மேடு கூடியது, மூச்சு வாங்கியது. காலேஜ் அவென்யூவைத் தாண்டியதும் தெருவின் முகமே மாறியது. கடைகள் நின்றுபோய்ப் பெரிய பெரிய வீடுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் கிரேக்க எழுத்து. தீட்டா வீடும் அங்கேதான். மோர்கன் தன் சங்கத்துத் தங்கைகளுக்காக வரைந்த வீடு. பிற்காலத்தில் மாற்றங்கள் நடந்திருப்பதால் எது அவர் கை, எது பிறர் கை என்று தெருவில் நின்றபடி சொல்வது கடினம். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ ஒருத்தியின் பாட்டி என்று நினைத்திருப்பாள்.

இந்த வீடுகள் ஏன் வந்தன என்ற கதை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அது படாடோபத்தில் தொடங்கவில்லை, தேவையில் தொடங்கியது. பெர்க்லி பல்கலைக்கழகம் 1870ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தங்க இடம் கட்டித் தரவில்லை. ஆண்களுக்கான முதல் விடுதி 1929ல் வந்தது. பல்கலைக்கழகம் மாணவியருக்கென்று நடத்திய முதல் விடுதிக் கட்டடம் 1942ல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 72 ஆண்டு. அதுவரை பெண்பிள்ளைகள் யாரோ ஒருவர் வீட்டில் வாடகைக்கு அறை எடுக்க வேண்டும், அல்லது தாங்களே கூடி ஒரு வீடு பிடிக்க வேண்டும். இங்கே முதல் சொரோரிட்டிக் கிளை தொடங்கியது 1880ல். வாடகை வீடு, பிறகு சொந்த வீடு, பிறகு கட்டடக்கலைஞரை வைத்துக் கட்டிய வீடு என்று வளர்ந்திருக்கிறது.

பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஊரை விட்டு வந்தவர்கள் ஒரு கூரையின் கீழ் கூடி, ஒரே சமையலில் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் சாட்சியாக இருந்து பிழைத்த இடம். கூ கொங்சியும் அப்படித்தான். அங்கே குலப்பெயர்தான் நுழைவுச் சீட்டு. சொரோரிட்டியில் நுழைவுச் சீட்டு என்ன? இந்தக் கேள்விதான் என்னைத் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தது.

"எப்படி ஆள் எடுக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பேசணும் பெரியம்மா. அவங்களுக்கு நம்மளப் பிடிக்கணும், நமக்கு அவங்களப் பிடிக்கணும்."

"பிடிக்கலைன்னா?"

"அடுத்த நாள் அந்த வீட்டுப் பேரு நம்ம பட்டியல்ல இருக்காது." சாதாரணமாகத்தான் சொன்னாள். போன ஆண்டு முதல் முயற்சியில் அவளுக்குப் பிடித்திருந்த வீட்டின் பெயர் பட்டியலில் இல்லாமல் போனதும், இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வராததும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்த இரண்டு நாளும் அவள் அம்மாவிடம் "காய்ச்சல் மாதிரி இருக்குமா" என்று சொல்லியிருக்கிறாள். தங்கை கஷாயம் வைக்கும் முறையைக் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறாள்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனபோது எங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அலுவலகத்தில் கட்டிலுக்கு எண் ஒட்டியிருந்தார்கள். என் எண் 14. பக்கத்துக் கட்டில் 15ல் தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு சீனப் பெண். முதல் வாரம் பேச்சே இல்லை. இன்றுவரை சீனப் புத்தாண்டுக்கு நான் அவள் வீட்டில்தான். பிடித்துப்போய்ச் சேர்ந்தவர்கள் அல்ல நாங்கள், எண் வரிசையில் சேர்ந்தவர்கள்.

காலேஜ் அவென்யூ முனையில் மேற்படிப்பு மாணவர்களுக்கான விடுதி ஒன்று இருக்கிறது. இடா லூயிஸ் ஜாக்சன் இல்லம். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருப்பதை மகள்தான் சொன்னாள். மிசிசிப்பியிலிருந்து வந்த கறுப்பின மாணவி இடா ஜாக்சன். 1921ல் சக மாணவியருடன் சேர்ந்து ஆல்பா கேப்பா ஆல்பா என்ற கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் கிளையை இங்கே தொடங்கினார். மற்ற சங்கங்களைப் போலவே பல்கலைக்கழக ஆண்டு மலரில் படம் வர வேண்டும் என்று பணம் கட்டிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். மலர் வெளிவந்தபோது இவர்கள் படம் மட்டும் இல்லை. மாணவர் சமூகத்தைப் பிரதிநிதிக்கும் படமாக அது இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பின்னாளில் ஓக்லண்ட் பொதுப் பள்ளிகளின் முதல் கறுப்பின ஆசிரியை ஆனவர் இவர். இன்று அவர் பெயரில் கட்டடமே நிற்கிறது, சொரோரிட்டி வீடுகள் தொடங்கும் அதே மூலையில்.

நான் உள்ளே போய்ப் பார்த்த வீட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை; அங்கே பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பணக்காரக் குடும்பம் ஒன்றின் பங்களா. அதுதான் இந்த வீடுகளின் கட்டடக்கலைத் தந்திரம். 60 பேர் தங்கும் விடுதியை ஒரு குடும்பத்து வீடு போலத் தோன்ற வைக்க வேண்டும். அதனால் முன்பக்கம் புல்வெளி, நடுவில் ஒரே ஒரு பெரிய வாசல், இரண்டு பக்கமும் சமமாகச் சாளரங்கள். விடுதி என்பதைக் காட்டிக்கொடுக்கும் எல்லாமே, அதாவது நீள நடைபாதைகள், வரிசைக் குளியலறைகள், பெரிய சமையலறை, குப்பைத் தொட்டிகள் எல்லாமே, மலைச் சரிவைப் பயன்படுத்திப் பின்பக்கம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கிரேக்க எழுத்தைத் தவிர வேறு அறிவிப்பே இல்லை.

வாசலைத் தாண்டியதும் மாடிப்படி. நேரே எதிரில், அகலமாக. யார் வந்தாலும் போனாலும் அந்தப் படி வழியாகத்தான், வரவேற்பறையில் இருப்பவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுத் தாய் என்று ஒரு மூத்த அம்மாள் கூடவே குடியிருந்து கண்காணித்தார். இன்று வேறு பெயரில் ஒரு நிர்வாகி இருக்கிறார். ஆண்கள் மாடிக்குப் போகக் கூடாது. வீட்டுக்குள் மது கூடாது. இதைக் கேட்டு என் தங்கைக்குச் சொல்ல ஒரு செய்தி கிடைத்தது என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். கூத்தெல்லாம் ஆண்கள் சங்க வீடுகளில் என்பதை மகள் மெதுவாகச் சேர்த்துச் சொன்னாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

இடது பக்கம் நீண்ட கூடம். கணப்பு, பியானோ. சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசைகள். அக்காலத்தில் ஏழை மாணவர்கள் இந்த வீடுகளில் பரிமாறும் வேலை செய்து, கூலிக்குப் பதில் சாப்பிட்டுப் படித்தார்களாம். மூன்றாம் மாடியில் ஒரு நீண்ட அறை, இரண்டு பக்கமும் சாளரம், இரும்புக் கட்டில்கள் அடுக்கடுக்காக. தூங்கும் தாழ்வாரம் என்பார்கள். காசநோய்க்குப் பயந்த காலத்தில், திறந்த காற்றில் தூங்கினால் நுரையீரல் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில் மேற்குக் கரை வீடுகளில் இப்படி அமைத்தார்கள். இப்போது சாளரங்களை மூடிக்கொள்கிறார்கள். அந்த அறையின் வாசலில் நின்றபோது எனக்குக் கட்டில் 14 நினைவுக்கு வந்தது. அதே வரிசை, அதே மெழுகுத் தரை வாசம்.

நான் அதிகம் கேட்டது வழிகளைப் பற்றித்தான். 1990ல் இதே வட்டாரத்தில் ஆண்கள் சங்க வீடு ஒன்றில் தீப்பிடித்து 3 மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். 1923ல் பல்கலைக்கழகத்துக்கு வடக்கே பரவிய காட்டுத்தீ ஒரே பிற்பகலில் ஏறக்குறைய 600 வீடுகளை அழித்திருக்கிறது. போதாக்குறைக்கு ஹேவர்ட் என்ற நிலநடுக்கப் பிளவு இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பல்கலைக்கழக விளையாட்டரங்கத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. எத்தனை படிக்கட்டு, எத்தனை வாசல், மேல்மாடியிலிருந்து இறங்க இரும்பு ஏணி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வீட்டைச் சுற்றிக் காட்டிய மூத்த மாணவி பொறுமையாகக் காட்டினாள். கூரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய்களைக்கூட விரல் நீட்டி எண்ணினாள்.

படிக்கட்டுச் சுவரில் வரிசையாகச் சட்டமிட்ட படங்கள். ஒவ்வோர் ஆண்டும் உறுப்பினர்களின் முகங்களைச் சிறு சிறு வட்டங்களாக அடுக்கி ஒரே படமாக மாட்டுகிறார்கள். நான் மேலிருந்து கீழே இறங்கியதால் பழையதிலிருந்து தொடங்கினேன். ஒரே மாதிரி முத்துமாலை, ஒரே மாதிரித் தலைவாரல், ஒரே நிறம். ஒரு படம், இன்னொரு படம், இன்னொரு படம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். எத்தனையோ படிகள் இறங்கிய பிறகு ஒரு கிழக்காசிய முகம். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியப் பெயர். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மற்ற எல்லாரும் சிரித்திருந்தார்கள். கடைசிப் படங்களில் எல்லா நிறமும் கலந்திருந்தது. நடைபாதை முடியும் இடத்தில் ஓர் ஆணி மட்டும் அடித்திருந்தது, படம் இல்லை.

"இங்க வரும்" என்றாள் மகள்.

தெருவின் உச்சியில் பீட்மாண்ட் அவென்யூ. 1865ல் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் வகுத்த சாலை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவர். மலையின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, நடுவே மரங்களை விட்டு, நிழலில் நடக்கும்படி செய்திருக்கிறார். இங்கேயும் இருபுறமும் கிரேக்க எழுத்து வீடுகள். அந்த வரிசையின் வடமுனையில் குவிமாடத்தோடு எழுந்து நிற்கிறது இண்டர்நேஷனல் ஹவுஸ். இந்த இடத்தை ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டு மாணவர்களையும் வெள்ளையர் அல்லாதவர்களையும் இந்தத் தெருவின் சங்க வீடுகள் சேர்க்காத காலம். அதே தெருவில், அவர்கள் கண்ணெதிரே, எல்லா நாட்டு மாணவரும், ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் தங்கும் வீடு கட்ட வேண்டும் என்றார். ராக்ஃபெல்லர் பணம் கொடுத்தார். ஊரில் 800 பேருக்கு மேல் கூடி எதிர்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் டெலிலா பீஸ்லி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் எழுந்து ஆதரித்துப் பேசினார். 1930ல் வீடு திறந்தது.

"நீ ஏன் இங்க தங்கக் கூடாது?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "இங்க தங்கினா நான் மலேசியாவிலிருந்து வந்த பொண்ணு. எல்லாரும் நம்ம ஊரப் பத்திதான் கேப்பாங்க. அங்க யாரும் கேக்கல பெரியம்மா. உனக்குச் சமைக்கத் தெரியுமா, சத்தமாக் குறட்டை விடுவியான்னுதான் கேட்டாங்க."

மறுநாள் மலைமேல் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஜூலியா மோர்கனின் இன்னொரு கட்டடம். 1906ல் இறுதியாண்டு ஆண்களுக்கென்று வளாகத்தில் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு கூடம் கட்டினார்கள். வரைந்தவர் ஜான் கேலன் ஹோவர்ட். அதில் பெண்களுக்கு இடமில்லை. பெண்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். ஒரு காலத்தில் ஹோவர்டின் அலுவலகத்தில் வேலை பார்த்த மோர்கன், 1911ல் அதை வரைந்து கொடுத்தார். ரெட்வுட் மரத்தாலான ஒரே கூடம், செங்கல் கணப்பு, மறைக்காத உத்தரங்கள். சொரோரிட்டியில் இருந்தவள், இல்லாதவள் என்ற பேதம் இல்லாமல் இறுதியாண்டு மாணவியர் எல்லாருக்கும் அது பொது. சாலை போட வேண்டும் என்று 1946ல் அதை நகர்த்தினார்கள். பிறகு குழந்தைகள் காப்பகமாக இருந்தது. வணிகக் கல்லூரி விரிவாக்கத்துக்காக 2014ல் துண்டுகளாகப் பிரித்து இந்த மலைமேல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

அன்று கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. சங்க வீட்டில் நான் பார்த்த அலங்காரம் எதுவும் இங்கே இல்லை. மரம் மரமாகவே இருந்தது. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. மூட்டு வலிக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டு முறை இடம் மாறியும் சாளரங்கள் சரியாக மூடுகின்றனவா என்று மகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தாள்.

மாலை நான்கு மணிக்கு இண்டர்நேஷனல் ஹவுஸ் சிற்றுண்டிச் சாலையில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கிள்ளானில் மறுநாள் காலை ஏழு. தங்கை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பசியாறிட்டியா?" என்றேன்.

"அது இருக்கட்டும். வீடு எப்படி?"

"மூனு வாசல் இருக்கு. இரும்பு ஏணி இருக்கு. ஆம்பளைங்க மாடிக்குப் போகக் கூடாது. சாப்பாடு அவங்களே போடுறாங்க, காரம்தான் இருக்காது."

"அப்போ விடலாம்ங்கிறியா?"

மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கு டின் பாதி காலியாகியிருந்தது.

"அதை அவகிட்டயே கேளு. உன்கிட்ட அவ சொல்ல வேண்டியது ஒன்னு ரெண்டு இருக்கு" என்று கைப்பேசியை நீட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனாள். பீட்மாண்ட் மரங்களின் கீழ் முன்னும் பின்னும் நடந்தபடி வெகு நேரம் பேசினாள். என் தேநீர் ஆறிவிட்டது. அவளுடையதையும் நானே குடித்தேன்.